பாட்டன் துப்பாக்கியின் விலை

நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ளது வெள்ளறடை. பனச்சமூட்டைக் கடந்தால் தமிழ்நாடு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவினர் எல்லைக்கு இப்பாலும் அப்பாலுமாயினர். மரச்சீனிக்கும் வாழைக்கும் காட்டுப்பன்றியால் கேடு நேரும் இப்பக்கத்தில், பயிர்க் காவலுக்கென வாங்கிய துப்பாக்கியொன்று முன்னோர் சொத்தாக எஞ்சுவது வியப்பன்று. பெரியவர் காலமாகிறார், மக்களோ மும்பையிலும் தில்லியிலும் இருக்கின்றனர். ஊரிலுள்ள தம்பி சொல்லும் விலை ஒன்று. கடைக்காரர் கேட்கும் விலை மற்றொன்று. அதன் மெய்யான மதிப்பை எங்ஙனம் அறிவது?

துப்பாக்கி என்னும் சொல்லே துருக்கி மொழியினின்று வந்தது. தென்திருவிதாங்கூரில் அதன் புகழ் பெரிது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர் தோற்றனர். சிறைப்பட்ட டி லனாய், மார்த்தாண்ட வர்மரின் படையைப் பயிற்றியதோடு, உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலையையும் நடத்தினார். ஆதலின், இப்பகுதியில் எந்தப் பழந்துப்பாக்கியையும் ‘மார்த்தாண்ட வர்மர் காலத்தது’ என்று கூறிவிடுதல் எளிது. நாம் அதனைத் துப்பாக்கியின் வாயாலேயே கேட்டறிதல் வேண்டும்.

கேப்பு வைத்து வெடிக்கும் முறைக்கு வழி திறந்தவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபார்சைத். அவர் காப்புரிமை பெற்றது 1807-இல். மார்த்தாண்ட வர்மர் மறைந்ததோ 1758-இல். சக்கிமுக்கிக் கல் பொருத்திய விசையைப் பின்னாளில் மாற்றியிருந்தாலன்றி, கேப்புத் துப்பாக்கி அவர் காலத்தது ஆகாது. அன்றியும், படைகள் அம்முறையைக் கைவிட்ட பின்னரும் நம் ஊர்க் கொல்லர் அதே அமைப்பில் நெடுங்காலம் துப்பாக்கி செய்து வந்தனர். தோட்டா வாங்க இயலாதவனுக்கு மருந்தும் ரவையும் போதுமன்றோ? எனவே பழைய பாணியில் அமைந்தது வேறு, பழையது வேறு.

குழலில் உள்ள முத்திரைகளே சிறந்த சாட்சி. இலண்டனிலும் பர்மிங்காமிலும் சோதித்த குழல்களில் அவ்விடத்துச் சோதனை முத்திரைகள் இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கி விசையில் முதலில் இதய வடிவக் குறியும், பின்னர் நிற்கும் சிங்கமும் பொறிக்கப்பட்டன. அடுத்து, குழலின் உட்புறம். சுழன்று செல்லும் வரிப்பள்ளங்கள் இருந்தால்தான் அது ரைஃபிள். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், இந்தியச் சிப்பாய்களுக்கு வெளித்தோற்றத்தில் என்ஃபீல்டு ரைஃபிளையே ஒத்த, உள்ளே வழவழப்பான குழலுடைய துப்பாக்கிகளை ஆங்கிலேயர் அளித்தனர். புறத்தோற்றம் கண்டு விலை பேசுவோர் ஏமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒருவருக்கென்றே செய்த துப்பாக்கியானால் மதிப்பு வேறு கணக்கில் ஏறும். திப்பு சுல்தானுக்காக அவருடைய பட்டறையில் செய்த, வெள்ளி வேலைப்பாடுள்ள வேட்டைத் துப்பாக்கியொன்று 2015-இல் இலண்டன் ஏலத்தில் 7,22,500 பவுண்டுக்கு விற்றது. தஞ்சையின் கதை இதற்கு நேர்மாறு. 1855-இல் தஞ்சை அரசு கம்பெனி வசமான பின், அரண்மனை ஆயுதச்சாலையின் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய உலோக விலைக்குப் போயிற்று. தேர்ந்தெடுத்த சிலவே சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. உடைத்தவர்களுக்கு எடை தெரிந்திருந்தது, வேறொன்றும் தெரிந்திருக்கவில்லை.

நம் வெள்ளறடைத் துப்பாக்கிக்குத் திப்புவின் விலை கிடைக்காது. எனினும் 1980-களில் அயல்நாட்டுத் துப்பாக்கிகளின் இறக்குமதி பெரிதும் நின்றுபோனமையால், இங்கிலாந்தில் செய்த பழைய நல்ல துப்பாக்கி இந்நாட்டில் அதன் தாயகத்தைவிட உயர்ந்த விலை பெறுவதுண்டு. நாட்டுக் கொல்லரின் வேலைக்கு அவ்வாறு இல்லை. அதை விரும்பிச் சேகரிப்பவர் கிடைத்தாலே விலை.

இவையனைத்தும் உரிமம் இருந்தால்தான். உரிமம் பெற்றவர் இறந்ததும், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, அத்துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். வாரிசு தம் பெயரில் உரிமம் கோரலாம்; 2016-ஆம் ஆண்டு விதிகள் அதற்கு இடமளிக்கின்றன. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கலாகாது. மரபுவழி வந்ததும் அவ்விரண்டில் அடங்கும். பழைமை வாய்ந்ததும், பழுது நீக்கினாலும் சுட முடியாததுமான ஆயுதத்திற்கு விலக்குண்டு. அதனைத் தீர்மானிப்பது நாமல்ல, அதிகாரிகளே. நூறாண்டு கடந்த தொல்பொருளை வெளிநாட்டிலுள்ள மகனுக்கு அனுப்புவதையும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

விலை கேட்கப் போகுமுன் உப்புத்தாள் கொண்டு துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்குவோர் பலர். முத்திரையும் பழைய நிறமும் அத்துடன் போயின. மென்துணியில் சிறிது எண்ணெய் போதும். குழலில் மருந்து கெட்டித்தபடியே இருக்கக்கூடுமாதலால், அதனை முதலில் ஆராய வேண்டியவர் துப்பாக்கி பழுது பார்ப்பவரே. திருவிதாங்கூர் அரசு அளித்த பழைய உரிமத்தாள் பெட்டியில் கிடந்தால் எறிந்துவிடலாகாது. எந்தத் துப்பாக்கி, எவர் கையில், எந்த ஆண்டில் இருந்தது என்பதற்கு அதனினும் வலிய சான்று வாங்குபவருக்குக் கிடைப்பதரிது.