கேரி தீவு: தோட்ட மருத்துவச் செலவு

சிலாங்கூரின் கோலா லங்காட் மாவட்டத்தில் உள்ள தோட்டத் தீவு. தோட்ட முதலாளி எட்வர்ட் வாலண்டைன் ஜான் கேரியின் பெயரால் அழைக்கப்படுகிறது. முன்பு ரப்பர், இன்று செம்பனை.

காப்புறுதி அட்டை வருவதற்கு வெகுகாலம் முன்பே, இத்தீவு போன்ற மலாயாத் தோட்டங்களில் தொழிலாளரின் வைத்தியச் செலவு முதலாளியின் கணக்கில் இருந்தது. தோட்ட ஆஸ்பத்திரி சட்டக் கடமையானது. அதை அன்றாடம் நடத்தியவர் ‘டிரெசர்’ எனப்பட்ட மருத்துவ உதவியாளர். மருத்துவர் அவ்வப்போது வந்துபோவார். சிறு தோட்டங்கள் செலவைப் பங்கிட்டுப் பொது ஆஸ்பத்திரி வைத்துக்கொண்டன. நோயாளி கூடினால் முதலாளிக்கு இரட்டை இழப்பு: மருந்துச் செலவு ஒன்று, வெட்டப்படாத பால்மரம் மற்றொன்று. அருகிலுள்ள கிள்ளானில் 1901 முதல் மருத்துவர் மால்கம் வாட்சன் மலேரியாவை ஒடுக்க வெட்டிய வடிகால்கள் இந்தக் கணக்கையே மாற்றின. நோய்த்தடுப்பு செலவைக் குறைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இவ்வட்டாரத்தில் இல்லை.

பின்னர் சுமை பிரிந்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்), வேலையிட விபத்துகளை ஏற்றது. சந்தாவில் முதலாளியின் பங்கு சம்பளத்தில் ஏறத்தாழ 1.75 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.5. வெளிநாட்டுத் தொழிலாளர் 2019இல் இதில் சேர்க்கப்பட்டனர்.

சாதாரண நோய்களுக்கு, நகர நிறுவனங்கள் தம் ஊழியர் செல்லவேண்டிய ‘பேனல்’ கிளினிக்குகளுடன் ஒப்பந்தம் செய்கின்றன. கட்டணம் வருகைக்கு இவ்வளவு என்றால் செலவு ஏறும் அபாயம் முதலாளிக்கு. தலைக்கு இவ்வளவு என்றால் அது மருத்துவருக்கு. பின்னதில் சிகிச்சை சுருங்கும் ஆபத்து மெய்யானது. 1998ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவச் சட்டமோ, நோயாளியின் சிகிச்சை மீது மருத்துவருக்குள்ள அதிகாரத்தை மாற்றும் ஒப்பந்தங்களைத் தடுக்கிறது.