உறங்காத பிள்ளைக்குப் பாடம் கேட்குமா?

போடிநாயக்கனூரை அடுத்த எங்கள் சிலமலையில் பல வீடுகளில் பொழுது புலரும் முன்பே விளக்கு எரியத் தொடங்கிவிடும். போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப்பைப் பிடிக்கத் தாய் எழுந்து சமைக்கும்போதே, ஓர் அறை வீட்டில் உறங்கும் பிள்ளையும் விழித்துக்கொள்கிறது.

6 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை என அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. இரவு 10 மணிக்குப் படுத்து, காலை 5 மணிக்கு விழிக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது 7 மணி நேரமே.

பகலில் கற்ற புதிய சொற்கள் நினைவில் நிலைபெற உறக்கம் துணைபுரிகிறது. உறக்கக் குறைவு, பேச்சொலிகளை மூளை கையாளும் முறையையும் பாதிக்கிறது. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 6 முதல் 8 வயதுக் குழந்தைகளின் உறக்கம் ஒரு வாரத்துக்கு, நாள்தோறும் ஒரு மணி நேரம் குறைக்கப்பட்டது. அதன் பிறகு பேச்சொலிகளைக் கேட்டபோது அவர்களது மூளையின் மின்னலைகள் மாறியிருந்தன. ஆறு குழந்தைகளிடம் மட்டுமே நடந்த முதற்கட்ட ஆய்வு அது, எனினும் புறக்கணிக்கத்தக்கதன்று. சொல்வதெழுதுதலில் 'கலம்', 'களம்' எனத் தடுமாறும் மாணவனைக் கவனமற்றவன் என்று முடிவுகட்டும் முன், அவன் எத்தனை மணி நேரம் உறங்கினான் என்று கேட்க வேண்டாமா?

இதில் பொருளாதாரமும் உண்டு. நாடு முழுவதற்கும் ஒரே கடிகார நேரம் என்பதால், சூரியன் தாமதமாக மறையும் பகுதிகளில் குழந்தைகள் தாமதமாகவே உறங்குகின்றனர். பள்ளி மணியோ காத்திருப்பதில்லை. சூரிய மறைவு ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் பள்ளிக் கல்வி ஏறத்தாழ 0.8 ஆண்டு குறைவதாகப் பொருளியலாளர் மவுலிக் ஜக்னானி கணக்கிட்டுள்ளார். ஏழைக் குடும்பங்களில் உறக்க இழப்பு இன்னும் மிகுதி என்பதும் அவரது முடிவு.

கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில், முதல் பாடவேளையில் கண்ணயர்ந்த மாணவர்களை எழுப்பி நிற்கவைத்திருக்கிறேன். ஒருவரிடமும் காரணம் கேட்டதில்லை. அந்தத் தவறு பள்ளிகளில் தொடர வேண்டாம். இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குள்ள தடையை ஊராட்சிகள் உறுதியாகச் செயல்படுத்தட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் வருகைப் பதிவோடு உறக்கமும் பேசப்படட்டும். வீட்டில் விளக்கையும் கைப்பேசியையும் ஒரு மணி நேரம் முன்னதாக அணைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.