சிவசக்தி நாராயணன்

இந்தியக் கால்பந்தாட்டக்காரர், முன்கள வீரர். சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடியை ஒட்டிய கண்டனூரில் 2001இல் பிறந்தவர். இந்திய அணியின் முன்னாள் முன்கள வீரர் ராமன் விஜயனின் கால்பந்துப் பள்ளியில் பயின்றார். கோல் அடித்தவரிடமே கோல் அடிக்கப் பழகியது சின்ன வாய்ப்பல்ல.

2020இல் பெங்களூரு எஃப்சி அவரை ஒப்பந்தம் செய்தது. நேராக முதல் அணிக்கல்ல, இளையோர் ஆடும் இரண்டாம் அணிக்கு. அப்போதைய இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரி இருந்த அணியில் முன்களத்தில் இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா?

2022–23 பருவத்தில் அந்த இடம் கிடைத்தது. 2022 செப்டம்பர் 18, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டம். பத்தாவது நிமிட வாக்கில் பந்தோடு உள்ளே புகுந்தவர், முன்னேறி வந்த மும்பை சிட்டி கோல்காப்பாளரின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டார். அது வலைக்குள் விழுந்தது. பெங்களூரு 2–1 என வென்றது. 1888இல் தொடங்கிய அந்தப் போட்டியில் அவ்வணிக்கு இதுவே முதல் கோப்பை.

அதே பருவத்து இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) போட்டியில் 6 கோல் அடித்து, வளரும் வீரருக்கான விருதையும் பெற்றார். சேத்ரி மாற்று வீரராக வெளியே உட்கார, இவர் முதலில் களமிறங்கிய ஆட்டங்கள் பல. 2023 மார்ச் 18 அன்று கோவாவின் ஃபட்டோர்டாவில் நடந்த ஐஎஸ்எல் இறுதி ஆட்டத்தில், ஆரம்ப நிமிடங்களிலேயே காயம்பட்டு வெளியேறினார்; பதிலுக்கு இறங்கியவர் சேத்ரி. பெனால்டியில் ஏடிகே மோகன் பகான் கோப்பையைக் கொண்டுபோனது.