மரநிழலில் ஒரு மருத்துவப் பள்ளி

ஓரிக்கையில் தறிக்குழியில் கால்களை இறக்கி நாள் முழுதும் பட்டு நெய்பவரின் முதுகுவலிக்கு மருத்துவமனையில் மருந்து கிடைக்கும். அவ்வலியின் காரணமோ அவர் வீட்டிலேயே இருக்கிறது. நோயாளியை அவர் வாழுமிடத்தில் காணவேண்டும் என்னும் இவ்வுண்மையை, இதே பாலாற்றின் கரையில் மேற்கே அமைந்துள்ள வேலூரின் வரலாறு நமக்கு விளக்குகிறது.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் வேலூரில் சிறு மருந்தகமாகப் பணியைத் தொடங்கினார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. எனினும் அங்கு வர இயலாதோர் பலர் என்பதை உணர்ந்து, வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் மரநிழல்களிலே நோயாளிகளைச் சந்தித்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தோன்றியபின், மாணவியரும் அந்நிழலில் பயின்றனர்.

பிற்காலத்தில் இது பாடத்திட்டமாகவே அமைந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் சில வாரங்கள் கிராமத்தில் தங்கி, வீடுவீடாகச் சென்று குடிநீர், உணவு, தொழில், பிள்ளைப்பேறு ஆகியவற்றைக் கேட்டறிகின்றனர். 1977இல் கே.வி.குப்பத்தில் தோன்றிய 'ருசா' ஊரகப் பிரிவு, உடல்நலத்தோடு சமூக முன்னேற்றத்தையும் இணைத்தது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கேட்டுச் சென்றவர் திரும்பி வராவிடில், கிராமம் வெறும் பாடப்பொருளாகிவிடும். கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கல்லூரியின் சமூக நலத்துறை ஆண்டு முழுதும் பணியாற்றுவதாலேயே மாணவரின் வருகை பொருள் பெறுகிறது.

இறையியல் பயிலும் நமக்கும் இது பொருந்தும். பிரசங்க பீடத்தில் ஏறுமுன், தறிக்குழியருகே அமர்ந்து நாம் கேட்டதுண்டோ? கேட்டபின் மீண்டும் சென்றதுண்டோ?