கோலார் தங்கவயல்: நகர வளர்ச்சியும் நீண்டகாலத் திட்டமிடலும்

கோலார் தங்கவயல் கர்நாடகத்தின் கிழக்குக் கோடியில், பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சுரங்க நகரம். ஊரார் நாவில் இது ‘தங்கவயல்’ அல்லது ‘கே.ஜி.எஃப்.’ ஆகும். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், கோரமண்டல் எனப் பல ஊர்கள் சேர்ந்ததே இந்நகரம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு ஒன்றரை இலட்சத்துக்கும் கூடுதலானோர் வாழ்ந்தனர். சுரங்க வேலைக்காக வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்களின் வழியினரே இவர்களில் பெரும்பாலோர், வீட்டுமொழி தமிழ். நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் தந்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதனால் இங்கே நகரத் திட்டமிடல் என்பது, எந்த வேலைக்காக ஊர் தோன்றியதோ அந்த வேலை போன பிறகு அதே நிலத்தில் மக்கள் எப்படி வாழ்வது என்ற கேள்வியாக ஆகிவிட்டது.

தங்கப் படிவத்தின் மேல் அமைந்த ஊர்

மைசூர் அரசிடம் 1875இல் சுரங்க உரிமம் பெற்றவர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லவெல் என்ற ஐரிஷ் போர்வீரர். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் காலூன்றிய பிறகே ஊர் உருவெடுத்தது. தங்கம் ஓடிய பாறைப் படிவம் வடக்கு தெற்காக நீண்டிருந்தது. பாலகாட், நந்திதுர்க், உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் என்று அதன் மேல் வரிசையாகச் சுரங்கங்கள் தோண்டப்பட்டன. சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் ஒவ்வொரு ‘சாஃப்டை’ச் சுற்றியும் ஒரு குடியிருப்பு முளைத்தது. இன்றைக்கும் தங்கவயலுக்கு ஒரே மையம் கிடையாது. நிலத்தடியில் தங்கம் போன திசையிலேயே ஊரும் நீண்டு கிடக்கிறது. ரயில் நிலையங்களின் வரிசையைப் படித்தாலே இது விளங்கும்.

உள்கட்டமைப்பில் இவ்வூருக்குக் கிடைத்தது அக்காலத்தில் பெருநகரங்களுக்கே வாய்க்காதது. பங்காருபேட்டையிலிருந்து 16 கிலோமீட்டர் ரயில் பாதை 1894இல் வந்தது. பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. 1902இல் காவிரியின் சிவனசமுத்திர அருவியிலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூரின் தெருவிளக்குகள் மின்சாரத்தில் எரிந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்துத்தான். ஆசியாவிலேயே மின்சாரம் பெற்ற இரண்டாவது நகரம் என்று இவ்வூரைப் பற்றி அடிக்கடி எழுதப்படுகிறது. அந்தப் பெருமை ஆதாரத்தோடு வருவதில்லை. வந்தாலும் ஒரு திருத்தம் தேவைப்படும். மின்சாரம் இழுக்கப்பட்டது இயந்திரங்களுக்காக. நீராவி எந்திரங்களுக்கு எரிபொருள் வாங்கும் செலவு குறைய வேண்டும், அரசுக்கு உரிமத்தொகை தவறாமல் வரவேண்டும் என்பதே கணக்கு. வீட்டு விளக்கு பின்னால் வந்த உபரி.

அதே காலத்தில் தொழிலாளி குடியிருந்தது ‘லைன்’ எனப்படும் வரிசைக் குடிசைகளில். மூங்கில் தட்டி கட்டி, மேலே கூரை போட்ட ஒற்றை அறை. பல தலைமுறைகள் இவ்வறைகளில் பிறந்து வளர்ந்தன. மேட்டு நிலத்தில் வெள்ளை அதிகாரிகளுக்குத் தோட்டத்தோடு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம் இருந்தன. ‘குட்டி இங்கிலாந்து’ என்று பழைய படங்களில் காட்டப்படும் தங்கவயல் இந்த மேட்டுப்பகுதி மட்டுமே.

ராபர்ட்சன்பேட்டை இதிலிருந்து விலகிய ஒரு முயற்சி. மைசூர் நாட்டில் பிளேக் பரவிய காலத்தை ஒட்டி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுரங்கப் பகுதிக்கு வெளியே நேர்த்தெருக்களும் அளந்த மனைகளுமாக இந்தப் பேட்டை போடப்பட்டது. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த டொனால்டு ராபர்ட்சன் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கடைவீதியும் அரசு அலுவலகங்களும் அங்கே சேர்ந்தன. இவ்வாறு ஒரே ஊரில் இரண்டு நிர்வாகங்கள் உருவாயின: சுரங்க எல்லைக்குள் நிறுவனம், பேட்டையில் சுகாதார வாரியமும் அதன் வழிவந்த நகரசபையும். இந்தப் பிளவுதான் பிற்காலத் திட்டங்களையெல்லாம் இடறிவிட்டது.

நெய்வேலியை ஒப்பிட்டால் வேறுபாடு தெளியும். 1956இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனம் சுரங்கத்தோடு சேர்த்தே எண்ணிட்ட வட்டங்களாகக் குடியிருப்பு நகரத்தையும் வரைந்தது. பள்ளி, பூங்கா, மருத்துவமனை எல்லாம் வரைபடத்தில் முன்கூட்டியே இடம்பெற்றன. தங்கவயலில் அப்படி ஒரு முழு வரைபடம் இருந்ததில்லை. மனிதர்களுக்குத் தேவையான பலவற்றை மனிதர்களே கட்டிக்கொண்டார்கள். தமிழ்ப் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் காலத்திலேயே மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்களை அமைத்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் 1926இல் இங்கிருந்து மீண்டும் வெளிவந்தது, பண்டிதர் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு. சித்தார்த்தா புத்தகசாலை நூல்களை அச்சிட்டது. நகரத் திட்ட ஆவணங்களில் ‘சமூகக் கட்டமைப்பு’ என்ற தலைப்பில் வரவேண்டியவை இவை. எந்த ஆவணமும் கேட்காமலே லைன்களில் முளைத்தன.

காலடியில் உள்ள ஊர்

தங்கவயலில் கட்டடத்துக்கு அனுமதி தருமுன் நிலத்துக்கு மேல் பார்ப்பது போதாது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வளவு ஆழத்தில் பாறை தாங்கும் அழுத்தம் சில வேளைகளில் வெடிப்பாக வெளிப்படும். இந்தப் பாறை வெடிப்புகள் உள்ளே உயிர்களைக் குடித்தன. மேலே சுவர்களையும் பிளந்தன. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இவ்வூரில் நிறுவப்பட்டதன் பின்னணி இதுதான். சுரங்கம் மூடி, நீரிறைப்பும் நின்றபின் நிலத்தடிக் குடைவுகளில் தண்ணீர் நிரம்பியது. எந்தக் குடைவு எந்தத் தெருவுக்குக் கீழே ஓடுகிறது என்பது நிறுவனத்தின் பழைய சுரங்க வரைபடங்களில் இருக்கிறது. அந்த வரைபடங்களை நிலப்பயன்பாட்டு வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்க்காமல் இங்கே மாடிக் குடியிருப்புகளைத் திட்டமிடுவது அசட்டுத் துணிச்சல்.

நிலம் யாருடையது

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை மத்திய அரசின் கைக்குப் போயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. தங்கத்தின் அளவோ சரிந்துகொண்டே வந்தது. தொடக்க ஆண்டுகளில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் கிடைத்தது, கடைசிக் காலத்தில் மூன்று நான்கு கிராமுக்கு வந்து நின்றது. ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேர் வேலை பார்த்த இடத்தில் மூடும் நாளில் மிஞ்சியவர்கள் நாலாயிரத்துக்கும் குறைவு. தண்ணீர், சாலை, துப்புரவு ஆகிய பொறுப்புகள் நகரசபையின் தலையில் விழுந்தன. 12,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் மட்டும் மூடப்பட்ட நிறுவனத்தின் பெயரிலேயே நின்றது.

கர்நாடகத்தில் நகரத் திட்டமிடலுக்குச் சட்டப் பஞ்சம் இல்லை. 1961ஆம் ஆண்டு நகர ஊரமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பெருந்திட்டம் தயாரிக்கலாம். 1987ஆம் ஆண்டு நகர்ப்புற வளர்ச்சி ஆணையங்கள் சட்டத்தின் கீழ் மனைப்பிரிவுகள் போடலாம். ஆனால் நிலத்தின் மேல் அதிகாரம் இல்லாத நகரசபை பெருந்திட்டத்தில் பச்சை வண்ணம் தீட்டினால் அங்கே பூங்கா வந்துவிடாது. லைன் வீட்டில் ஐம்பது ஆண்டாகக் குடியிருந்தாலும் கத்தா (நகரசபையின் சொத்துப் பதிவு) இல்லையென்றால் வங்கி கடன் தராது. கடன் இல்லாமல் ஒற்றை அறை இரண்டாகாது. தங்கவயலின் வளர்ச்சி பற்றிய பேச்சு எப்போதும் தொழிற்பூங்காவில் தொடங்கி அங்கேயே முடிகிறது. 2020இல் மாநில அரசு, சுரங்க நிறுவன நிலத்தில் சுமார் 3,200 ஏக்கரைத் தொழிற்பூங்காவுக்குக் கேட்டது. குடியிருப்போருக்கு உரிமைப் பத்திரம் கொடுப்பதுதான் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. சுரங்கச் சொத்துகளை உலகளாவிய ஏலத்தில் விடும் முடிவு 2013இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று ஏற்கப்பட்டும், சுரங்கம் திறக்கவில்லை. திறக்கும் என்ற நம்பிக்கையும் அணையவில்லை. அந்த நம்பிக்கை மற்ற எல்லாத் திட்டங்களையும் தற்காலிகமாக்கி வைத்திருக்கிறது.

சயனைடு மலைகள்

ஊரின் அடையாளம் இப்போது சாஃப்ட் கோபுரங்களைவிடச் ‘சயனைடு மலை’களே. கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு சுமார் 3.3 கோடி டன். 13 மேடுகளாக 1,000 ஏக்கருக்குச் சற்று கூடுதலான பரப்பில் அது குவிந்திருக்கிறது. காற்றடி காலத்தில் அந்தப் புழுதி எழுந்து வீடுகளுக்குள் படியும். சினிமாக்காரர்களுக்குப் பாலைவனம் தேவைப்பட்டால் இங்கே வருவார்கள். குடியிருப்போருக்கு அது மூச்சுத்திணறல். 2024 ஜூனில், இக்கழிவில் எஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்க ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் இத்தகைய மேடுகளை மறுபடி அரைத்துத் தங்கம் எடுப்பது பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. அங்கே கற்ற பாடம், மேட்டைக் கலைக்கும்போது புழுதியும் நச்சு நீரும் முன்னைவிடப் பரவக்கூடும் என்பதே. ஏல நிபந்தனைகளிலேயே புழுதித் தடுப்பும், காலியாகும் நிலத்தை யாருக்கு எந்த நிலையில் ஒப்படைப்பது என்பதும் எழுதப்படாவிட்டால் மேடு போய்ப் பள்ளம் மிஞ்சும்.

வெளியாட்கள் இவ்வூரை வெறும் குழியாகப் பார்ப்பதும் புதிதல்ல. 2012 நவம்பரில் கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கு விசாரணையின்போது, அணுக்கழிவைக் கோலார் சுரங்கங்களில் வைக்கலாம் என்ற பேச்சு உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. ஊர் கொதித்தெழுந்தது, அப்படி ஒரு திட்டம் இல்லை என்று அரசுத் தரப்பு பின்வாங்க நேர்ந்தது.

மூடிய சுரங்கத்தை வேறுவிதமாகப் பார்த்த ஊரும் உண்டு. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 1986இல் மூடப்பட்ட ட்ஸோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் அருங்காட்சியகமும் கலைக்கூடமுமாக மாறி, 2001இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. தங்கவயல் சுரங்கம் மூடப்பட்ட அதே ஆண்டு அது. இங்கேயும் சொல்லத்தக்க மரபு இருக்கிறது: 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகப் பதிவுசெய்தவற்றுள் ஒன்று இந்தச் சுரங்கத்தின் ஆழத்தில் நடந்த ஆய்வு.

ரயிலும் விரைவுச் சாலையும் தண்ணீரும்

1964இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனமான பெமலின் கனரக இயந்திரத் தொழிற்சாலை ஊருக்குக் கிடைத்த ஒரே பெரிய மாற்று வேலை. அங்கே இடம் கிடைக்காதவர்கள் பெங்களூருக்குப் போய்வருகிறார்கள். மாரிக்குப்பத்திலிருந்து விடிகாலையில் கிளம்பும் ரயில்கள் ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச்சென்று இரவில் திருப்பிக் கொண்டுவருகின்றன. நடைமுறையில் தங்கவயல் பெங்களூரின் மிகத் தொலைவான புறநகர். பெங்களூர்–சென்னை விரைவுச் சாலையில் ஹொசகோட்டேயிலிருந்து பேத்தமங்கலம் வரையிலான 71 கிலோமீட்டர் 2024 இறுதியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. சாலை வந்தால் நிலவிலை ஏறும். பத்திரம் உள்ளவருக்கு அது வரவு, லைன் வீட்டில் இருப்பவருக்கு வெளியேற்ற அச்சம்.

தொழிற்பூங்கா வந்தாலும் தண்ணீர்க் கேள்வி நிற்கும். நூற்றாண்டுக்கு முன் சுரங்கத்துக்குத் தண்ணீர் தந்த பேத்தமங்கலம் பாலாற்றின் மேலே இருக்கிறது. மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையிலான 1892ஆம் ஆண்டு ஒப்பந்தம் பாலாற்றையும் கட்டுப்படுத்துவதால், அங்கே தேக்கத்தை உயர்த்தும் எந்த யோசனைக்கும் வாணியம்பாடியில் எதிர்ப்பு எழும். 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு வருகிறது. தொழிற்சாலைகளுக்கு அந்த நீரைத் தனிக் குழாயில் கொண்டுவந்தால் பேத்தமங்கலத்து நீரைக் குடிக்க மட்டும் ஒதுக்கிவிடலாம். இதற்கான செலவை நகரசபையால் தாங்க முடியாது. நிலத்தை விற்றோ குத்தகைக்கு விட்டோ வரும் பணத்தில் ஒரு பங்கு ஊருக்கே திரும்பினால்தான் நடக்கும்.