தேட்டமும் முதுசமும்: கல்முனைக் கரையோர முஸ்லிம் இளம் பெண்களின் உழைப்பும் வீட்டு உறுதியும்

சாய்ந்தமருதில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒரே மாதிரியான வீடுகள் அடுத்தடுத்துக் கண்ணில் படும். கீழ்த்தளம் பூச்சு, டைல்ஸ், இரும்புக் கிறில் என்று எல்லாம் முடிந்திருக்கும். மேலே கொங்கிறீட் தட்டிலிருந்து தூண் கம்பிகள் துருவேறி வானத்தைப் பார்த்து நிற்கும். ஊரார் இதைக் குறைவேலையாக எண்ணுவதில்லை. கீழ்வீடு மூத்த மகளுக்கு. அந்தக் கம்பிகள் இளையவளுக்கு. அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்போதே கம்பி விட்டாயிற்று.

இளம் பெண்களின் பொருளாதாரச் சுதந்திரம் பற்றி இப்பகுதிக் கருத்தரங்குகளில் பேசப்படுவது பெரும்பாலும் வேறோர் ஊரின் கதை. சொத்தில்லாத பெண், மாமியார் வீட்டில் ஒடுங்கி வாழும் பெண், எந்நேரமும் வெளியேற்றப்படக்கூடிய பெண் ஆகியோரே அங்கு எடுத்துக்காட்டுகள். மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை கலியாணம் முடித்து வீட்டைவிட்டுப் போகிறவன் ஆண். பெண் தன் வளவிலேயே இருக்கிறாள். அப்படியானால் இங்குள்ள படித்த, உழைக்கிற இளம் பெண்கள் பணத்தைப் பற்றிப் பேசும்போது ஏன் குரலைத் தாழ்த்துகிறார்கள்? சம்பளம் எடுக்கும் மகள் தன் சம்பளத்தைப் பற்றி ஒரு முடிவு சொல்ல ஏன் உம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள்? அவளுடைய உழைப்புக்குத் தனிக் கணக்கு இல்லாததே இதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். அவளுடைய தேட்டம் அவள் கையில் தங்குமுன்பே குடும்பத்தின் முதுசமாக உருமாறிவிடுகிறது.

இரண்டும் நம் பழைய சொற்கள். வழிவழி வந்த சொத்து முதுசம். ஒருவர் தன் உழைப்பால் சேர்த்தது தேட்டம். யாழ்ப்பாணத்துத் தேசவழமை இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. மட்டக்களப்புப் பகுதி முக்குவர் சமூகத்தின் வழமையை 1876இல் நூலாக்கிய கிறிஸ்தோபர் பிறிற்றோவும் தாய்வழியே இறங்கும் முதுசத்தைப் பதிவுசெய்தார். அந்த வழமை நீதிமன்றங்களில் வழக்கொழிந்து நூறாண்டுக்கு மேலாகிறது. ஆனாலும் அதன் எலும்புக்கூடு இக்கரையோரத்தில், முஸ்லிம்களிடையேயும், உயிரோடு இருக்கிறது. குடி என்னும் குலம் தாய்வழியில் எண்ணப்படுகிறது; பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்கார்மாரைக் குடிவாரியாகத் தெரிவுசெய்த மரபு அதன் மேல் எழுந்தது; வீடு மகளுக்குப் போகிறது.

அக்கரைப்பற்றில் 1969ஆம் ஆண்டிலிருந்து கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்த வீட்டு நகர்வை விரிவாக எழுதியிருக்கிறார். மூத்த மகளுக்குக் கலியாணமானதும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். சில காலத்தில் தாய் தகப்பன் மீதிப் பெண்பிள்ளைகளோடு பக்கத்தில் இன்னொரு வீட்டுக்குப் பெயர்கிறார்கள். அடுத்தவளுக்கு அதுவும் போகிறது. கடைசியில் வயோதிபர்களுக்கு மிஞ்சுவது வளவின் மூலையில் ஒரு சிறிய அறை. காணி பெருகாத ஊரில் பக்கத்து வளவு கிடைக்காதபோது வீடு மேலே ஏறுகிறது. மேலே சொன்ன துருவேறிய கம்பிகளின் வரலாறு இதுதான்.

இதில் வியப்பான சட்ட நுணுக்கம் ஒன்று உண்டு. இஸ்லாமிய வாரிசுரிமையில் மகனின் பங்கு மகளின் பங்கைப்போல் இருமடங்கு. ஆனால் சீதனமாகக் கொடுக்கப்படும் வீடு வாழ்நாளிலேயே செய்யப்படும் நன்கொடை. அது வாரிசுக் கணக்குக்குள் வருவதில்லை. தகப்பன் மௌத்தாகும்போது பங்கிட வீடே மிஞ்சியிருக்காது. ஷரீஆவை மீறாமலே தாய்வழி மரபு நடந்துகொண்டிருப்பது இந்த இடுக்கின் வழியாகத்தான். ஆண்பிள்ளைகளுக்கு இதில் மனக்குறை இல்லாமலில்லை. அவர்களும் இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறவர்கள் என்பதால் அது வெளியே வருவதில்லை.

பொருளியலாளர் பீனா அகர்வால் 1994இல் வெளியான தமது நூலில் நிலத்தை உடைமையாக வைத்திருப்பதையும் அதை ஆள்வதையும் பிரித்துக் காட்டினார். கிழக்கிலங்கையில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களை ஆராய்ந்த காஞ்சனா ருவன்புர, தாய்வழிச் சொத்து இருந்தும் ஆணாதிக்க நடைமுறை குறையவில்லை என்று 2006இல் எழுதினார். இவ்விரு பார்வைகளையும் ஏற்றுக்கொண்டே ஓர் இடத்தில் விலக வேண்டியிருக்கிறது. இருவரின் அழுத்தமும் சொத்து வந்து சேர்ந்த பின் நடப்பதில். நம் ஊர்களில் ஒரு தலைமுறையாக மாறியிருப்பது அதற்கு முந்திய கட்டம்: அந்த வீட்டைக் கட்டும் பணம் யாருடையது என்பது.

முன்பு அது வயல் காசு, கடைக் காசு. பிறகு உம்மாவோ ராத்தாவோ சவூதியில், குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசு. இப்போது அதில் பெரும் பங்கு மணமாகாத மகளின் சம்பளம். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டே முழுப் பல்கலைக்கழகமான, ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம், இக்கரையோரப் பெண்பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வந்தே பட்டம் பெறும் வழியைத் திறந்தது. விடுதி வேண்டாம், கொழும்பு வேண்டாம் என்றபின் மறுக்கக் காரணம் குறைந்தது. ஆசிரியைகள், முகாமைத்துவ உதவியாளர்கள், வங்கி உத்தியோகத்தர்கள் என்று ஒரு வரிசை உருவாயிற்று. இலங்கையில் தொழிற்படையில் பெண்களின் பங்கேற்பு இருபது ஆண்டுகளாக மூன்றில் ஒன்றை ஒட்டியே நிற்கிறது. அந்த மூன்றில் ஒன்றுக்குள் வந்துவிட்ட பெண்ணின் கதையைத்தான் இங்கே பார்க்கிறோம்.

ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். இருபத்தைந்து வயதில் நியமனம். காணி வாப்பாவின் பெயரில். நியமனம் நிரந்தரமானதும் சம்பளத்தைப் பிணையாக வைத்து வங்கிக் கடன். அந்தக் கடனில் அஸ்திவாரமும் சுவரும் கூரையும். மாதா மாதம் தவணை அவளுடைய சம்பளத்திலிருந்தே வெட்டுப்படுகிறது. “இந்த ஊடு உனக்குத்தான் மகள்” என்று வாப்பா சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசின் முன் சாட்சிகளோடு எழுதப்படாத காணிக் கைமாற்றம் செல்லாது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இந்நாட்டில் வாய்ச்சொல்லால் காணி நகர்ந்ததில்லை. பொதுச் சட்டத்தின்படி கட்டடம் காணியோடு ஒட்டியது. கட்டியவருக்குச் சில சந்தர்ப்பங்களில் நட்டஈடு கேட்கும் வழி உண்டே தவிர, சுவர் காணிக்காரருடையது.

உறுதி எழுதுமுன் வாப்பா திடீரென மௌத்தாகிவிட்டால் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்து நிற்கும். உம்மா, ஒரு காக்கா, இவள், ஒரு தங்கச்சி என்று வைத்துக்கொள்வோம். வாப்பாவின் பெற்றோர் முன்பே இல்லை. உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதி மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற அளவில். வீட்டை 32 பங்காக்கினால் உம்மாவுக்கு 4, காக்காவுக்கு 14, தங்கச்சிக்கு 7, தவணை கட்டிக்கொண்டிருக்கும் இவளுக்கும் 7. ஊர் வழக்கப்படி காக்கா பெரும்பாலும் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைப்பார், நல்ல மனிதராக. சிக்கலே அதில்தான். அவளுடைய சம்பளத்தில் எழுந்த வீடு காக்காவின் பெருந்தன்மையாக அவளிடம் வந்து சேர்கிறது. அதற்கு அவள் வாழ்நாளெல்லாம் நன்றி சொல்ல வேண்டியவளாகிறாள். தன்னம்பிக்கை வகுப்பில் எத்தனை முறை கைதூக்கிப் பேசப் பழகினாலும் இந்த நன்றிக்கடன் தொண்டையில் நிற்கும்.

கைக்கூலியின் நிலையும் இதைப்போன்றதே. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலிக்குத் தரும் வரைவிலக்கணம் பலருக்குத் தெரியாது: மணமகளின் பயன்பாட்டுக்காக மணமகனிடம் கொடுக்கப்படும் பணம் அல்லது அசையும் சொத்து. அதாவது சட்டத்தின் கண்ணில் அது அவளுக்குரியது. காதி நீதிமன்றத்தில் அதைத் திருப்பிக் கேட்க அவளுக்கு உரிமையுண்டு. ஆனால் அந்த உரிமை நினைவுக்கு வருவது தலாக் வந்து நிற்கும்போது. குடும்பம் நடக்கும் காலத்தில் மாப்பிள்ளையின் த்ரீவீலருக்கும் கடைக்கும் போன பணத்தை மனைவியின் முதலீடாக யாரும் எழுதிவைப்பதில்லை. சேகரித்தது அவள் சம்பளமாக இருந்தாலும் கொடுத்தது ‘பெண் வீட்டார்’.

சீதன ஒழிப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. மஹர் கொடுத்து மணமுடியுங்கள், பெண்ணிடம் வாங்காதீர்கள் என்று மிம்பர்களில் இருந்து வரும் அறைகூவல் கைக்கூலியைப் பொறுத்தவரை முழுக்க நியாயமானது. ஆனால் அந்த ஒரே வாளால் வீட்டையும் வெட்டினால் விளைவு வேறு. வாழ்நாள் நன்கொடை நின்றுவிட்டால் வீடு வாரிசுக் கணக்குக்குள் போகும். அங்கே மகளுக்கு மகனின் பங்கில் பாதிதான். உழைக்கும் பெண் கூட, இன்று அண்டை வீடுகளில் உம்மாவும் ராத்தாவும் இருக்கும் தன் வளவை விட்டுப் புகுந்த வீட்டு வாசலில் நிற்க நேரும். அவள் வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்ப்பது அந்த வளவுதான். ஆகவே ரொக்கத்தை ஒழிப்பதும் வீட்டைக் காப்பதும் இரண்டு தனி வேலைகள். இதைப் பிரித்துப் பேசும் குரல் நம் மேடைகளில் மிகக் குறைவு.

அரசு இந்த மரபைப் புரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. கல்லோயாக் குடியேற்றத் திட்டக் காலத்து அரச பேர்மிட் வயல்களை ஆண்ட 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வாரிசு பெயரிடப்படாதபோது மகளை விட மகனை முன்னுக்கு வைத்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. சுனாமிக்குப் பிந்திய வீடமைப்பிலும் இதுவே நடந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் மிக அதிகமானோரைப் பலிகொடுத்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டத் தடை வந்தபோது, அந்தப் பட்டிக்குள் அகப்பட்ட வளவுகளில் மனைவிமாரின் சீதனக் காணிகளும் இருந்தன. மாற்று வீட்டுக்கான படிவத்திலோ ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டம். அதில் எழுதப்பட்டது பெரும்பாலும் கணவனின் பெயர். பெண் பெயரில் இருந்த காணியைக் கடல் ஒரு காலையில் எடுத்தது; படிவம் அதை ஆண் பெயரில் திருப்பிக் கொடுத்தது. கிடைத்த வீட்டை மகளுக்கான சீதன வீடாக எண்ணிக் குடும்பங்கள் திட்டமிட்ட விதத்தை மெக்கில்வ்ரேயும் மானிடவியலாளர் பற்றீசியா லோரன்சும் 2010இல் எழுதிய கட்டுரை பேசுகிறது. மரபு தன்னைத் தானே ஒட்டுப்போட்டுக்கொண்டது. ஆனால் இடையில் ஒரு தலைமுறைப் பெண்களின் பெயர் உறுதியிலிருந்து நழுவியது.

தங்கள் பணத்துக்குக் கணக்கு வைக்க இந்தப் பெண்களுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர் ஒரு சீட்டுக் கொப்பியைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். பாடசாலைக் கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு. இடப்பக்கம் பெயர், மேலே மாதம், கட்டியதற்குச் சரி அடையாளம், எடுத்தவளுக்குச் சுற்றி ஒரு வட்டம். தலைச்சீட்டு பிடிக்கிறவருடையது, இரண்டாவது யாருக்கு என்பது குலுக்கலில். நொத்தாரிசு இல்லை, பிணை இல்லை. அந்தக் கொப்பியில் ஒரு ரூபாய் பிசகினாலும் தெரு முழுக்கக் கேட்கும். அங்கே ஒவ்வொருத்தியும் தன் பெயரில் ஒரு வரி வைத்திருக்கிறாள். அதே பெண்ணின் மாதச் சம்பளம் வீட்டுச் சுவருக்குள் போகும்போது மட்டும் அந்த வரி காணாமல் போகிறது.

ஆகவே செய்யக்கூடியது பெரிய சீர்திருத்தம் எதுவுமில்லை; நிக்காஹுக்கு முந்திய சில தாள் வேலைகள். கடன் எடுக்குமுன் காணியை அவள் பெயருக்கு மாற்றுவது. தாய் தகப்பனுக்குச் சீவிய உரித்தை அதே உறுதியில் ஒதுக்குவது, இதனால் அவர்களும் தெருவுக்கு வரமாட்டார்கள். 1931 சட்டத்தின்படி, திரும்பப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதாவிட்டால் நன்கொடை இரத்துச் செய்யப்படக்கூடியது என்பதால் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு எழுதுவிப்பது. வங்கிகளும் ஆசிரியர் சங்கங்களும் கடன் கொடுக்கும்போதே இதைச் சொல்லலாம். பள்ளிவாசல்களும் சொல்லலாம்.

அண்மையில் உறவுக்காரப் பெண்ணொருத்தியின் வீட்டு உறுதி எழுதும்போது கல்முனையில் ஒரு நொத்தாரிசின் அறையில் நானும் இருந்தேன். ஆறு வருடமாகக் கடன் கட்டுகிறவள்; நல்ல வேளையாக வாப்பா உயிரோடு, மனமுவந்து எழுதிக்கொடுக்க வந்திருந்தார். எழுதுவினைஞர் வாசித்தார்: வடக்கில் ஒழுங்கை, கிழக்கில் இன்னாரின் வளவு, விஸ்தீரணம் பத்துப் பேர்ச், அதிலுள்ள வீடும் கிணறும் உட்பட. மாப்பிள்ளை பெயரையும் சேர்ப்பதா என்று நொத்தாரிசு கேட்டார். பெண் வாயைத் திறக்குமுன் உம்மா “வேணாம்” என்றார். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்த உம்மாவுக்கு முன்னால் இருந்த பல உம்மாக்களின் குரல் அது. பிறகு கைமாற்றத்தின் காரணம் வந்தது. மகள் மேல் கொண்ட இயல்பான அன்பும் பாசமும் காரணமாக இந்நன்கொடை வழங்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. இத்தகைய உறுதிகளில் வழக்கமாக வரும் வாசகம்.

வீட்டைக் கட்டியது தன் சம்பளம் என்பதையும் ஒரு வரியில் போடலாமா என்று அவள் கேட்டாள். மெல்லத்தான் கேட்டாள். வாப்பா தலையசைத்தார். போடலாம், அதற்குத் தடை ஒன்றும் இல்லை, ஆனால் இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார் நொத்தாரிசு. உறுதியைத் திரும்பத் தட்டச்சு செய்ய அரை மணித்தியாலம் எடுத்தது. நாங்கள் வெளியே வாங்கில் காத்திருந்தோம்.