காட்டில் மேய்ந்த பசுவின் பால்: நான்சி லிங்கனின் வாழ்வும் மறைவும்

19ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது நாற்பது ஆண்டுகளில் அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே கென்டக்கி, ஒஹையோ, இந்தியானா, இல்லினாய் ஆகிய பகுதிகளில் காடழித்துக் குடியேறிய அமெரிக்கக் குடும்பங்களின் வரலாறு பெரும்பாலும் நிலப்பத்திரங்களிலும் வரிப் பதிவேடுகளிலும் நீதிமன்ற ஏடுகளிலுமே எஞ்சியிருக்கிறது. அந்த ஆவணங்களில் இடம்பெறுபவை பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே என்பதால், அக்குடும்பங்களைத் தாங்கி நின்ற பெண்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வரலாற்றாசிரியர்களுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. நான்சி ஹாங்க்ஸ் லிங்கன் இதற்கு ஓரளவு விதிவிலக்கு. அவருடைய மகன் ஆபிரகாம் பின்னாளில் அமெரிக்காவின் 16ஆவது குடியரசுத் தலைவரானதால், அவரை அறிந்திருந்த உறவினரும் அண்டை வீட்டாரும் முதுமையில் சொன்ன நினைவுகள் தேடித் திரட்டப்பட்டன. அந்த நினைவுகளையும், அவருடைய உயிரைப் பறித்த நோயைப் பற்றிப் பின்னர் தெரியவந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பெண்ணின் வாழ்க்கையோடு ஒரு குடியேற்ற முறையின் குறையும் புலப்படுகிறது.

நான்சி 1784இல் வர்ஜீனியாவில் பிறந்தவர் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. சிறுவயதிலேயே கென்டக்கிக்குக் கொண்டுவரப்பட்ட அவர், தாய் லூசி ஹாங்க்ஸ் வேறொருவரை மணந்தபின், சித்தி எலிசபெத், அவர் கணவர் தாமஸ் ஸ்பாரோ ஆகியோரின் பராமரிப்பில் சில காலம் வளர்ந்தார். அவருடைய தந்தை யார் என்ற கேள்வியைச் சுற்றி வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக வாதிட்டு வந்துள்ளனர். அந்த வாதத்துக்குச் செலவான பக்கங்களில் பத்தில் ஒரு பங்குகூட அப்பெண் நாள்தோறும் செய்த வேலைக்குச் செலவாகவில்லை என்பது வருந்தத்தக்கது. 1806 ஜூன் 12 அன்று கென்டக்கியின் வாஷிங்டன் கவுண்டியில், தச்சுத் தொழிலும் உழவும் தெரிந்த தாமஸ் லிங்கனுக்கும் அவருக்கும் திருமணம் நடந்தது. மணமகன் பிணையாளர் ஒருவருடன் சேர்ந்து கையொப்பமிட்டுத் தரும் திருமண உறுதிப்பத்திரம் அந்நாளில் வழக்கத்தில் இருந்தது. இவர்களுடைய பத்திரம் எந்தக் கவுண்டியில் பதிவானது என்பது மறந்துபோய், வேறு கவுண்டியில் தேடப்பட்டுக் கிடைக்காமல் போனதால், திருமணமே நடக்கவில்லை என்ற வதந்தி நெடுநாள் உலவியது. பத்திரம் கண்டெடுக்கப்பட்ட பிறகே அது அடங்கியது.

நான்சியின் கை பட்ட ஆவணங்களில் 1814ஆம் ஆண்டின் நிலவிற்பனைப் பத்திரம் ஒன்று குறிப்பிடத்தக்கது. அக்காலச் சட்டப்படி திருமணமான பெண்ணின் சொத்துரிமை பெரும்பாலும் கணவனுக்குள் அடங்கிவிடும். ஆயினும் கணவன் இறந்தால் அவனுடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு இருந்ததால், நிலம் விற்கப்படும்போது அவ்வுரிமையை விட்டுக்கொடுப்பதாக அவளும் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டியிருந்தது. நான்சி அதில் எழுத்தால் கையொப்பமிடாமல் கீறல் குறி மட்டுமே இட்டிருக்கிறார். அவர் விவிலியத்தை வாசிக்கக்கூடியவர் என்று அவரை அறிந்தவர்கள் சொன்னார்கள். படிக்கத் தெரிந்தும் எழுதத் தெரியாதிருப்பது அக்காலப் பெண்களிடையே அரிதன்று. வேதம் வாசிக்கப் பெண்ணுக்குப் படிப்பு போதும், எழுத்து ஆணின் தொழிலுக்கு உரியது என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது.

அவர்களுக்கு 1807இல் சாராவும், 1809 பிப்ரவரி 12 அன்று ஆபிரகாமும் பிறந்தனர். பிறகு பிறந்த தாமஸ் என்னும் ஆண் குழந்தை கைக்குழந்தையாகவே இறந்தது. கென்டக்கியில் அவர்களுக்கு நிலம் நிலைக்கவில்லை. அங்கே ஒரு மரத்திலிருந்து ஒரு பாறைவரை, பாறையிலிருந்து ஓர் ஓடைவரை என்று எல்லை சொல்லி நிலம் அளக்கப்பட்டதால், ஒரே மண்ணுக்குப் பலர் உரிமை கொண்டாடி வழக்காடினர். ஏழை உழவர்கள் உழுது பண்படுத்திய நிலத்தை இழந்தனர். ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே இருந்த இந்தியானாவிலோ, பூர்வகுடியினரிடமிருந்து ஒப்பந்தங்களின் பேரில் அண்மையில் பெறப்பட்ட நிலத்தை அரசே சதுரங்களாக அளந்து விற்றது. அங்கே அடிமை முறைக்கும் இடமில்லை. இவ்விரு காரணங்களாலும், அவற்றுள்ளும் நிலவுரிமைச் சிக்கலால் பெரிதும், தன் தந்தை கென்டக்கியை விட்டு வெளியேறியதாக ஆபிரகாம் லிங்கன் 1860இல் எழுதினார். 1816 டிசம்பரில், இந்தியானா மாநிலமாக அறிவிக்கப்பட்ட அதே குளிர்காலத்தில், அக்குடும்பம் ஆற்றைக் கடந்து லிட்டில் பிஜன் கிரீக் என்ற ஓடைக்கருகே அடர்காட்டில் இறங்கியது.

அங்கே நான்சி வாழ்ந்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. தொடக்கத்தில் மூன்று பக்கம் மட்டும் அடைத்து, திறந்திருக்கும் நான்காம் பக்கத்தில் இரவும் பகலும் தீ எரியும் பந்தலில் அவர்கள் தங்கினர் என்பது குடும்ப நினைவு. பிறகு மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடில் எழுந்தது. ஆண் காட்டை வெட்டினான் என்று வரலாறு சொல்லும். வெட்டிய காட்டில் உயிர் பிழைக்கச் செய்தவை பெரும்பாலும் பெண்ணின் கையில் இருந்தன. மக்காச்சோளத்தை இடித்து மாவாக்கி அடுப்புத் தணலில் ரொட்டி சுட வேண்டும். வேட்டை இறைச்சியையும் பன்றி இறைச்சியையும் உப்பிட்டுக் காக்க வேண்டும். ஆளிநாரையும் கம்பளியையும் நூற்று நெய்து உடை தைக்க வேண்டும். சாம்பலை ஊறவைத்து வடித்த காரநீரில் கொழுப்பைக் காய்ச்சிச் சோப்பு செய்ய வேண்டும். காலையும் மாலையும் பால் கறப்பதும் வெண்ணெய் கடைவதும் இவற்றோடு சேர்ந்தவை. இளமையில் தையலில் நல்ல கைத்திறன் உடையவராக நினைவுகூரப்படும் நான்சி, இந்த வேலைகளைச் செய்தவாறே இரு குழந்தைகளுக்கும் விவிலியக் கதைகளைச் சொன்னார் என்று உறவினர்கள் கூறினர்.

இக்குடியேற்றப் பண்ணைகளில் வேலி அடைக்கப்பட்ட முறை இங்கே நின்று கவனிக்கத்தக்கது. மரத்தைப் பிளந்து செய்த சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி எழுப்பிய வேலி, மக்காச்சோளக் கொல்லையைச் சுற்றியே நின்றது. வேலி பயிரைக் காப்பதற்கே அன்றி, மாட்டை உள்ளே நிறுத்துவதற்கு அன்று. மாடுகளும் பன்றிகளும் காட்டில் விருப்பம்போல் மேய்ந்தன. பசுவின் கழுத்தில் மணி கட்டி அவிழ்த்துவிடுவார்கள். கன்றை வீட்டருகே அடைத்து வைத்தால், மடி நிறைந்த பசு அதைத் தேடி மாலையில் திரும்பிவரும். தீவனத்துக்குத் தனி நிலம் ஒதுக்க முடியாத ஏழைக் குடும்பத்துக்கு இதைவிடச் சிக்கனமான முறை வேறில்லை. ஆனால் கோடையின் பின்பகுதியில் வெட்டவெளிப் புல் காய்ந்தபோது, பசுக்கள் ஈரமும் நிழலும் உள்ள காட்டுப் பள்ளங்களுக்குள் போயின. அங்கே அப்போதும் பசுமையாக நின்றவற்றுள் ஒன்று, கொத்துக்கொத்தாகச் சிறு வெண்பூக்கள் பூக்கும் ‘ஒயிட் ஸ்னேக்ரூட்’ என்னும் செடி. இதைத் தின்ற மாடு உடல் நடுங்கி விழுந்து சாகும். பால் தரும் பசுவோ நஞ்சில் பெரும்பகுதியைப் பாலின் வழியே வெளியேற்றிவிடுவதால், பல வேளைகளில் அதனிடம் நோயின் அடையாளமே தெரிவதில்லை. அதன் கன்றும், பாலைக் குடித்த மனிதருமே முதலில் சாய்கின்றனர். நஞ்சு கொழுப்பில் கரைவதால் வெண்ணெயிலும் தங்கும். நலமாக நிற்கும் பசுவைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, அதன் பாலில்தான் நஞ்சு இருக்கிறது என்று அறிய யாருக்கும் வழி இல்லை.

இந்த நஞ்சால் வரும் நோயை மக்கள் ‘பால் நோய்’ என்றே அழைத்தனர். எதனால் வருகிறது என்று தெரியாவிட்டாலும், பாலோடு தொடர்புடையது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. பசி அற்றுப்போதல், கால்களில் சோர்வும் நடுக்கமும், நிற்காத வாந்தி, தீராத மலச்சிக்கல், கடுந்தாகம், மூச்சில் ஒருவகை இனிப்பு கலந்த நாற்றம், இறுதியில் நினைவிழப்பு என நோய் நடந்தது. 1818 கோடை முடிவில் அது லிட்டில் பிஜன் கிரீக் குடியேற்றத்துக்குள் வந்தது. நான்சியை வளர்த்த தாமஸ் ஸ்பாரோவும் எலிசபெத்தும் அதற்கு முந்தைய ஆண்டில்தான் அவர்களைத் தேடிவந்து அருகே குடியேறியிருந்தனர்; செப்டம்பரில் அவ்விருவரும் நோயுற்று இறந்தனர். அண்டை வீட்டார் பீட்டர் புரூனரின் மனைவியும் படுத்தார். மருத்துவர் 30 மைலுக்கும் அப்பால் இருந்த அந்தக் காட்டில் நோயாளியின் அருகே உட்கார்ந்து பணிவிடை செய்வது பெண்களின் மாற்ற முடியாத கடமை. நான்சி அதைச் செய்தார். பிறகு தாமும் நோயுற்றார். நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதன்று என்பது இன்று தெரியும். ஒரே காட்டில் மேய்ந்த பசுக்களின் பாலே எல்லா வீடுகளிலும் இருந்தது. மருத்துவர் வந்திருந்தாலும், அக்கால வழக்கப்படி இரத்தம் வடித்தும் பேதிக்குக் கொடுத்தும் நோயாளியை மேலும் தளரவைத்திருப்பாரே தவிர, காப்பாற்றியிருக்கமாட்டார். ஏறத்தாழ ஒரு வாரம் கிடந்த நான்சி, 1818 அக்டோபர் 5 அன்று 34ஆம் வயதில் இறந்தார்.

தாமஸ் லிங்கன் பலகைகளைச் சேர்த்துச் சவப்பெட்டியைத் தாமே செய்தார். பலகைகளைப் பிணைக்க இரும்பு ஆணிக்குப் பதிலாக மர முளைகள் தேவைப்பட்டன. அவற்றைச் சீவிக் கொடுத்தவன் ஒன்பது வயது ஆபிரகாம் என்று, அவ்வீட்டில் வாழ்ந்த உறவினர் டென்னிஸ் ஹாங்க்ஸ் பின்னாளில் சொன்னார். குடிலுக்கு அருகிலிருந்த மேட்டில் உடல் அடக்கம் செய்யப்பட்டது. சமையலும் வீட்டு வேலையும் 11 வயதுச் சிறுமி சாராவின் தலையில் விழுந்தன. அடுத்த ஆண்டு டிசம்பரில் தாமஸ், மூன்று குழந்தைகளுள்ள சாரா புஷ் ஜான்ஸ்டன் என்ற கைம்பெண்ணை மணந்து அழைத்து வந்தார். அவர் நான்சியின் குழந்தைகளைத் தம் குழந்தைகளைப் போலவே வளர்த்தார் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. நான்சியின் மகள் சாரா 1828இல் 20ஆம் வயதில் பிரசவத்தின்போது இறந்தார். தாயையும் மகளையும் கொண்டுபோன காரணங்கள் வெவ்வேறாயினும், அந்த எல்லைப்புறத்தில் பெண்ணின் ஆயுளைக் குறைத்தவை அவள் அன்றாடம் தவிர்க்க முடியாதவையாக இருந்தன என்பதே இரண்டிலும் தெரிகிறது.

நான்சி இறந்து சில ஆண்டுகளிலேயே இந்நோய் அரசுகளின் கவலையாயிற்று. கென்டக்கி சட்டமன்றம் 1830இல் அதன் காரணத்தைக் கண்டுபிடிப்பவருக்கு 600 டாலர் பரிசு அறிவித்தது. சின்சினாட்டியில் பெரும்புகழ் பெற்றிருந்த மருத்துவர் டேனியல் டிரேக் நோய் கண்ட இடங்களை நேரில் பார்த்து 1841இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் அவர் குற்றம் சாட்டியது வேறொரு நச்சுக்கொடியை. இதற்கு முன்பே ஒஹையோவைச் சேர்ந்த ஜான் ரோ என்ற உழவர், ஸ்னேக்ரூட் செடியைக் கால்நடைகளுக்குத் தின்னக் கொடுத்துப் பார்த்து அதுவே காரணம் என்று சொல்லியிருந்தார். படிப்பாளிகளான மருத்துவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. தென்கிழக்கு இல்லினாயில் மருத்துவச்சியாகவும் பல் பிடுங்குபவராகவும் இருந்த அன்னா பிக்ஸ்பி, நோய் கோடை முடிவில் தோன்றிப் பனி விழுந்ததும் ஓய்வதைக் கவனித்து, மேய்ச்சலில் ஏதோ இருக்கிறது என்று ஊகித்து மாடுகளைப் பின்தொடர்ந்தார் என்றும், ஷானி இனத்தைச் சேர்ந்த முதிய பெண் ஒருவர் அவருக்கு அச்செடியைக் காட்டிக்கொடுத்தார் என்றும் அப்பகுதி மரபு கூறுகிறது. அவர் தம் ஊராரைக்கொண்டு அச்செடியைத் தேடிப் பிடுங்கவைத்து, பிறர் அடையாளம் காண்பதற்காகச் சிலவற்றைத் தம் தோட்டத்தில் வளர்த்தார் என்றும் சொல்லப்படுகிறது. இவ்வாய்மொழி வரலாற்றின் எல்லா விவரங்களையும் உறுதிப்படுத்த முடியாது. ஆனால் எந்தப் பருவத்தில், எந்த மாட்டால், எந்தப் பாலில் தீங்கு வருகிறது என்பதைப் பால் கறக்கும் பெண்ணும், அக்காட்டில் தலைமுறைகளாக வாழ்ந்த பூர்வகுடியினருமே முதலில் அறிந்திருப்பர் என்பது இயல்பு. அவர்கள் சொன்னது அச்சேறவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட நோய்க்குக் கிருமி ஒன்றே காரணம் என்று வாதிட்ட ஆய்வாளர்கள் இருந்தனர். 1920களின் இறுதியில்தான் அமெரிக்க வேளாண் துறையின் வேதியியலாளர் ஜேம்ஸ் கவுச் செடியிலிருந்து ‘டிரெமெட்டால்’ என்னும் நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்து ஐயத்துக்கு முடிவு கட்டினார்.

நான்சியின் கல்லறை நெடுங்காலம் முறையான கல் இன்றியே கிடந்தது. 1879இல் வண்டித் தொழிலதிபர் பீட்டர் ஸ்டூடபேக்கரின் பொருளுதவியால் அங்கே கல் நாட்டப்பட்டது. அது அவரைக் குடியரசுத் தலைவர் லிங்கனின் தாய் என்று அறிவிக்கிறது. வயதை 35 என்று தவறாகக் குறிக்கிறது. அந்த இடமும் அதைச் சுற்றிய பண்ணையும் 1962 முதல் லிங்கனின் இளமைக்கால நினைவிடமாகப் பேணப்படுகின்றன.

நோயை ஒழித்தது மருந்து அன்று. காடுகள் குறைந்து, மாடுகள் வேலிக்குள் அடைக்கப்பட்டு, விதைத்து வளர்த்த புல்லில் மேய்ந்தபோதே அது அருகத் தொடங்கியது. பல பண்ணைகளின் பால் ஒன்றாகக் கலந்து நகரங்களுக்குப் போகும் முறை வந்தபின், எங்கேனும் ஒரு பசுவின் பாலில் நஞ்சு இருந்தாலும் அது தீங்கு செய்யாத அளவுக்கு நீர்த்துப்போனது. செடி மட்டும் கிழக்கு அமெரிக்கக் காடுகளில் இன்றும் பரவலாக வளர்கிறது. சொந்தப் பசுவின் பாலை மட்டுமே குடிக்கும் சிறு பண்ணைக் குடும்பங்களுக்கு, கோடை முடிவில் மாட்டைக் காட்டோரம் விடாதீர்கள் என்று அங்குள்ள கால்நடை மருத்துவர்கள் இப்போதும் அறிவுறுத்துகின்றனர்.